முதல் கீமோவுக்கு முன்னால் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுரையீரல் புற்றுநோய்க்குப் புது மருந்து என்று அவ்வப்போது செய்தி வருகிறது. கடைசி வரியில் ‘மூன்றாம் கட்ட ஆய்வில் இருக்கிறது’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நோயாளியின் வீட்டில் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. அந்த ஆய்வு எங்கே நடக்கிறது? கோத்தகிரிக்காரரையும் பந்தலூர்க்காரரையும் சேர்த்துக்கொள்வார்களா? யாருக்குப் போன் போடுவது? இவற்றுக்கெல்லாம் பதில் இருக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீலகிரி மலையிலிருந்து போகிறவர்களுக்கு ஆய்வில் இடம் கிடைக்காததற்கு நோய் முற்றியதே காரணம் என்று எண்ணுகிறோம். அதுவும் உண்டுதான். ஆனால் பயாப்சியில் எடுத்த சதை போதாமல் போவது, யாரும் யோசிப்பதற்குள் போட்டுவிட்ட முதல் கீமோ, வீட்டில் தேடியும் கிடைக்காத ஸ்கேன் சி.டி. ஆகியவையும் கதவைச் சாத்துகின்றன. இவை மூன்றையும் முன்பே தெரிந்திருந்தால் தவிர்க்கலாம்.

முதலில் ஒரு தயக்கத்தைப் பற்றி. ‘ட்ரையல்’ என்றதும் ‘நம்மைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்கள்’ என்பார்கள், அல்லது ‘எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு போகிற இடம்’ என்பார்கள். இரண்டுமே சரியில்லை. முதல் கட்ட ஆய்வு, மருந்தின் பாதுகாப்பான அளவு எது என்று பார்ப்பது. அதில் பெரும்பாலும் மற்ற சிகிச்சைகள் பலிக்காதவர்களே சேர்க்கப்படுவார்கள், பலனுக்கு உத்தரவாதமும் குறைவு. மூன்றாம் கட்டம் அப்படியில்லை. இப்போது வழக்கத்தில் உள்ள நல்ல சிகிச்சையை ஒரு பிரிவினருக்கும், புதியதை அல்லது கூடுதலானதை மறு பிரிவினருக்கும் கொடுத்து ஒப்பிடுவது. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப்போட்டு முடிவு செய்யும். மருத்துவரும் தேர்ந்தெடுக்க முடியாது, நோயாளியும் முடியாது. நிரூபணமான சிகிச்சை இருக்கும் நோய்க்கு வெறும் சர்க்கரை மாத்திரையை மட்டும் கொடுத்து வைத்திருப்பது வழக்கமில்லை.

ஆய்வு என்றால் வெளிநாட்டுப் புது மருந்துதான் என்பதும் இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 350 நோயாளிகளை வைத்து நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உள்ள நுரையீரல் புற்றுநோய்க்கு ஜெஃபிட்டினிப் மாத்திரை மட்டும் ஒரு பிரிவுக்கு, அதே மாத்திரையோடு பெமட்ரெக்சட், கார்போபிளாட்டின் கீமோவும் மறு பிரிவுக்கு. எல்லாமே ஏற்கெனவே கடையில் கிடைத்த மருந்துகள். நோய் வளராமல் கட்டுக்குள் இருந்த காலம் மாத்திரைப் பிரிவில் நடுமதிப்பாக 8 மாதம், சேர்த்துக் கொடுத்த பிரிவில் 16 மாதம். கடுமையான பக்கவிளைவும் 25 விழுக்காட்டிலிருந்து 51 விழுக்காடாகக் கூடியது. கிடைப்பதும் கொடுப்பதும் இப்படித்தான் சேர்ந்தே வரும்.

இனி சதைக்கு வருவோம். இதில்தான் நாங்கள் அதிகம் வலியுறுத்த நினைக்கிறோம்.

நுரையீரல் புற்றுநோயில் ஏறத்தாழ 85 விழுக்காடு ‘நான் ஸ்மால் செல்’ (சிறு செல் அல்லாத) வகை, மீதி ‘ஸ்மால் செல்’ (சிறு செல்). முதல் வகைக்குள்ளேயே இன்று பல கிளைகள்: ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ராஸ்-1, பிராஃப், மெட், ரெட், கேராஸ், ஹெர்-2 என்று மரபணு மாற்றத்தை வைத்தும், கட்டியில் பி.டி.எல்.-1 என்ற புரதம் எத்தனை விழுக்காடு என்பதை வைத்தும் பிரிக்கிறார்கள். இன்றைய ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தக் கிளைகளில் ஏதோ ஒன்றுக்கானவை. ‘நுரையீரலில் கேன்சர்’ என்ற அளவில் ரிப்போர்ட் இருந்தால் எந்தக் கதவையும் தட்ட முடியாது. ஈ.ஜி.எஃப்.ஆர். இருக்கிறது என்றாலும் போதாது. அந்த மரபணுவின் எக்ஸான் 19 என்ற பகுதியில் இழப்பா, எல்.858.ஆர். என்ற மாற்றமா, எக்ஸான் 20-ல் செருகலா என்பது வேண்டும். எக்ஸான் 20 செருகலுக்கு வழக்கமான ஜெஃபிட்டினிப் பெரும்பாலும் வேலை செய்யாது. அவர்களுக்கென்றே தனி ஆய்வுகள் நடக்கின்றன.

இத்தனை பரிசோதனைக்கும் சதை வேண்டும். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி.-யில் கிடைக்கும் சில செல்கள் ‘புற்றுநோய்தான்’ என்று சொல்லப் போதும். அதற்குமேல் பெரும்பாலும் போதாது. ஆகவே முதல் முறையே தடித்த ஊசியில் கோர் பயாப்சி எடுக்க முடியுமா, எடுத்தால் மூன்று நான்கு துண்டு எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து அவர் முடிவு செய்வார். நெஞ்சில் நீர் கோத்திருந்தால் அந்த நீரைக் கொட்டிவிடாமல், அதிலுள்ள செல்களைத் திரட்டி மெழுகில் பதிக்கும் ‘செல் பிளாக்’ செய்யச் சொல்லலாம். எடுத்த சதை, அதைக் கெடாமல் வைக்கும் திரவமான, பஃபர் கலந்த 10 விழுக்காடு ஃபார்மலினில் 6 மணி முதல் 72 மணி வரை இருக்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். சனிக்கிழமை எடுத்த டப்பா திங்கள் மாலை வரை மேசையில் கிடந்து, செவ்வாய்க்கிழமை கூரியரில் மலையிறங்கினால் டி.என்.ஏ. துண்டு துண்டாகிப்போகும். எலும்பிலிருந்து எடுத்த சதையைக் கடும் அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கினாலும் இதே கதி. அதற்கு, எலும்பின் சுண்ணத்தை மெதுவாகக் கரைக்கும் ஈ.டி.டி.ஏ. முறையைக் கேட்க வேண்டும். நாள் கூடுதல் ஆகும், ஆனால் மரபணு பிழைக்கும்.

சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பதுதான் பிளாக். அது நோயாளிக்குரிய பொருள் என்பது பலருக்குத் தெரியாது. ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரு வேண்டுகோள் கடிதமும் அடையாள அட்டையும் கொடுத்தால் ஆய்வகத்தில் பிளாக்கைத் தருவார்கள். பயாப்சி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கிடைக்காது. மெழுகு என்பதால் வெயிலில் நிற்கும் காரின் முகப்பில் வைக்கக் கூடாது. பஞ்சில் சுற்றிச் சின்ன டப்பாவில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். வாங்கும்போதே ‘சாயம் போடாத ஸ்லைடு இருபது வெட்டிக் கொடுங்கள்’ என்று கேட்கவும் வேண்டாம். வெட்டிய ஸ்லைடு நாள்பட நாள்பட பி.டி.எல்.-1 சோதனைக்கு ஆகாமல் போகும். ஆய்வு நடத்துகிறவர்கள் கேட்கும்போது, கேட்கிற எண்ணிக்கையில் வெட்டிக்கொண்டால் போதும்.

சதை போதவில்லை என்றால் ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.-வைத் தேடும் பரிசோதனை இருக்கிறது. ரத்தத்தில் மாற்றம் கிடைத்தால் அதை நம்பலாம். கிடைக்கவில்லை என்றால் ‘மாற்றம் இல்லை’ என்று பொருள் கொள்ளக் கூடாது. கட்டி அந்த அளவுக்கு டி.என்.ஏ.-வை ரத்தத்தில் விடவில்லை என்றும் இருக்கலாம். இதற்கென்றே தனி ரத்தக்குழாய் உண்டு. அதை உறைய வைக்கக் கூடாது. ஜனவரி இரவில் உதகையில் ரத்தம் எடுத்து, சன்னலோரம் வைத்துவிட்டு மறுநாள் அனுப்புகிற வேலை ஆகாது.

அடுத்தது முதல் கீமோ. புதிதாகக் கண்டுபிடித்த நாலாம் நிலை (உடம்பில் வேறு இடங்களுக்கும் பரவிய) நோயாளிகளுக்கான ஆய்வுகளில் ‘இதற்கு முன் மருந்துச் சிகிச்சை எடுத்திருக்கக் கூடாது’ என்பது வழக்கமான நிபந்தனை. மரபணு ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு சுற்று போட்டுவிட்டால் அந்த வகை ஆய்வு முழுவதும் கையை விட்டுப் போகும். ஆகையால் ஊசி ஏறுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: “டாக்டர், எனக்குப் பொருந்துகிற ட்ரையல் ஏதாவது இப்போது திறந்திருக்கிறதா? பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாமா?” கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் காத்திருக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. முகமும் கழுத்தும் வீங்கி மூச்சு முட்டுகிறவர், கால் மரத்துப்போகிறவர், ஸ்மால் செல் வகைக்காரர் ஆகியோர் ஆய்வுக்காக ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அங்கே மருத்துவர் சொல்லே கடைசி.

காச நோய் மருந்தையும் இங்கே சொல்ல வேண்டும். சளியில் கிருமி தென்படாமலே, எக்ஸ்ரேயில் நிழலை மட்டும் பார்த்துக் காச நோய் மருந்து ஆரம்பித்து மாதக்கணக்கில் ஓட்டிவிடுவது நம் நாட்டில் அடிக்கடி நடப்பது. நாள் வீணாவது ஒரு பக்கம். அந்த மருந்தில் ரிஃபாம்பிசின் இருக்கிறது; அது, ஓசிமெர்ட்டினிப், ஜெஃபிட்டினிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகளை உடம்பு வேகமாகச் சிதைத்துவிடச் செய்யும். அதனால் அதை எடுத்துக்கொண்டிருப்பவரை ஆய்வில் சேர்க்க மாட்டார்கள். உண்மையிலேயே காச நோய் இருந்தால் அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

ஆய்வைத் தேடுவது எப்படி? இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகள் எல்லாம் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். பார்க்கக் காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. பக்கம் ஆங்கிலத்தில்தான். கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

தேடும் இடத்தில் ‘லங் கேன்சர்’ என்று மட்டும் போட்டால் யோகாசனம், மயக்கமருந்து, மூச்சுப்பயிற்சி ஆய்வுகள் எல்லாம் கலந்து வரும். அதோடு உங்கள் மரபணு மாற்றத்தின் பெயரையோ, ‘நான் ஸ்மால் செல்’ என்பதையோ சேர்த்துத் தேடுங்கள். ஒரே நோயைப் பலர் பலவிதமாக எழுதுவதால் இரண்டு மூன்று விதமாகத் தேடிப் பார்ப்பது நல்லது.

ஒரு பதிவைத் திறந்ததும் தலைப்பைப் படித்து நேரத்தைச் செலவிட வேண்டாம். நேராகக் கீழே போய் ‘ஆள் சேர்க்கும் நிலை’ என்ற இரண்டு கட்டங்களைப் பாருங்கள். ஒன்று உலக அளவில், மற்றது இந்தியாவில். உலகக் கட்டத்தில் ‘திறந்திருக்கிறது’ என்றும் இந்தியக் கட்டத்தில் ‘மூடப்பட்டது’ என்றும் இருப்பதுண்டு; நமக்கு இரண்டாவதுதான் கணக்கு. பிறகு ‘கடைசியாகத் திருத்திய நாள்’. இரண்டு வருடமாகத் தொடாமல் கிடக்கும் பதிவில் ‘திறந்திருக்கிறது’ என்று இருந்தால் அதை அப்படியே நம்பிப் பஸ் ஏறக் கூடாது. அடுத்து ஆய்வு நடக்கும் இடங்களின் பட்டியல்: மருத்துவமனை, ஊர், பொறுப்பு மருத்துவர், தொலைபேசி எல்லாம் இருக்கும். அதற்கருகே, நோயாளிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி. ‘அனுமதிக்கப்பட்டது’ என்றால் சரி. ‘சமர்ப்பிக்கப்பட்டது’ என்றால் அந்த ஊரில் இன்னும் தொடங்கவில்லை. சேர்க்கத்தக்கவர், விலக்கப்படுபவர் என்ற இரு பகுதிகள் கடைசி வடிகட்டி. பக்கத்தின் மேலே உள்ள பதிவு எண் ஆண்டு, மாதம், ஆறு இலக்கம் என்ற வடிவில் இருக்கும்; அதை ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். போனில் அந்த எண்ணைச் சொன்னால்தான் எதிர்முனையில் இருப்பவருக்கு எந்த ஆய்வு என்று பிடிபடும்.

பன்னாட்டு நிறுவனங்களின் ஆய்வுகள் அமெரிக்க அரசின் கிளினிக்கல் ட்ரையல்ஸ் பதிவேட்டிலும் இருக்கும். அங்கே நாடு ‘இந்தியா’, நிலை ‘ஆள் சேர்க்கிறது’ என்று வடிகட்டலாம். என்.சி.டி. என்ற மூன்று எழுத்தும் எட்டு இலக்கமும் அதன் எண். இரண்டிலும் பார்ப்பது நல்லது. ஒன்றில் பழைய தகவல் இருந்தால் மற்றதில் புதியது இருக்கலாம்.

நமக்கு எட்டும் தொலைவில் கோவை மருத்துவமனைகள் இருக்கின்றன. அதற்கப்பால் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், தலச்சேரி மலபார் புற்றுநோய் மையம், பெங்களூரு கித்வாய். கூடலூர், பந்தலூர், சேரம்பாடிக்காரர்களுக்குக் கோவையைவிடக் கேரளமும் மைசூரும் வசதி என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குன்னூர், கோத்தகிரி மருத்துவமனைகளிலோ பார்க்கும் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. இங்கே சிகிச்சை எடுக்கிறவர் அங்கே ஆய்வில் சேர்ந்தால் இங்குள்ளவர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் வேண்டாம். பக்கவிளைவு வந்தால் முதலில் பார்க்கப் போவது அவர்தான், அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன் பேசும்போது பொறுப்பு மருத்துவர் பெரும்பாலும் கிடைக்க மாட்டார். ‘ட்ரையல் கோஆர்டினேட்டர்’ என்பவரைக் கேளுங்கள். அவருக்கு ஒரு பக்கத்தில் இவ்வளவு தயாராக இருக்க வேண்டும்: வயது, நோய் கண்ட தேதி, செல் வகை, நிலை, மரபணு ரிப்போர்ட், பி.டி.எல்.-1, இதுவரை எடுத்த மருந்துகள், ஒவ்வொன்றின் முதல் நாளும் கடைசி நாளும், கரண்ட் (கதிர்வீச்சு) வைத்திருந்தால் எந்த இடத்தில், எப்போது முடிந்தது, மூளை எம்.ஆர்.ஐ. எடுத்ததா, சர்க்கரை, இதயம், சிறுநீரகத் தொந்தரவு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையும். நாட்டு மருந்தும் அதில் சேர்த்தி. லேகியம், பஸ்பம், கஷாயம் எதையும் மறைக்க வேண்டாம். பீடியையும் மறைக்க வேண்டாம். புகைத்தவர் என்பதற்காக யாரையும் தள்ளுவதில்லை. விறகடுப்பு முன்னால் வாழ்நாள் கழித்து, பீடியே தொடாமல் இந்த நோய் கண்ட பெண்களும் இருக்கிறார்கள்; அதையும் சொல்லலாம். ஸ்கேன் ஃபிலிம் மட்டும் கொண்டுபோனால் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். எடுத்த இடத்தில் சி.டி.யில் பதிந்து வாங்குங்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் அளக்கத்தக்க கட்டி ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது பல ஆய்வுகளின் நிபந்தனை. அதை ஃபிலிமில் அளக்க முடியாது.

நிபந்தனைகள் ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஆனாலும் அடிக்கடி வருபவை இவை. ஹீமோகுளோபின் 9-க்குக் குறையக் கூடாது, தட்டணுக்கள் ஒரு லட்சம், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் 1,500, ஈரலின் நிலையைக் காட்டும் பிலிருபின் இயல்பு உச்சத்தின் ஒன்றரை மடங்குக்குள். உடல்நிலைக்கு ‘ஈகாக்’ என்று ஒரு மதிப்பெண் உண்டு. வழக்கம்போல எல்லா வேலையும் செய்கிறவர் 0. கொழுந்துக்கூடை சுமக்க முடியாது, ஆனால் வீட்டு வேலையும் சின்ன வேலையும் பார்ப்பார் என்றால் 1. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டு, வேலை எதுவும் முடியாமல், பகலில் பாதிக்கு மேல் நடமாடுகிறவர் 2. பாதிக்கு மேல் படுக்கையில் என்றால் 3. பெரும்பாலான ஆய்வுகள் 0, 1 இரண்டையும்தான் எடுக்கும். ஆகவே சாப்பாடு குறைந்து எடை இறங்கும்போதே கவனிக்க வேண்டும்; 1-லிருந்து 2-க்கு நழுவ ஒரு மாதம் போதும்.

ஸ்டீராய்டு இன்னொரு தடை. இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) ஆய்வுகளில் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு மேல் எடுப்பவரைச் சேர்ப்பதில்லை. டெக்சாமெத்தசோன் கணக்கில் அது வெறும் ஒன்றரை மில்லிகிராம். இளைப்புக்கும் பசிக்கும் என்று கடையில் வாங்கித் தின்னும் சின்ன மாத்திரை அதைத் தாண்டிவிடும்.

மலைக்கே உரிய இரண்டு விஷயங்கள். ஒன்று, ஆக்சிஜன் அளவு. உதகை 2,240 மீட்டர் உயரம். நல்ல நுரையீரல் உள்ளவருக்கே இங்கே கோவையைவிட இரண்டு மூன்று புள்ளி குறைவாகக் காட்டும்; விரல் குளிர்ந்திருந்தால் கருவி இன்னும் குறைத்துச் சொல்லும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். பரிந்துரைக் கடிதத்தில் ‘91’ என்று எழுதினால் பக்கத்தில் ‘உதகையில் அளந்தது’ என்றும் எழுதச் சொல்லுங்கள். சமவெளியில் இருப்பவர் அதைப் படித்துவிட்டு, வரவே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடும். மற்றது, அரிவாளணு ரத்தசோகை. இந்தியாவில் இது முதன்முதலாகப் பதிவான இடங்களில் நம் நீலகிரியும் ஒன்று, 1952-ல். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இது இருந்தால் ஹீமோகுளோபின் தாழ்ந்தும் பிலிருபின் உயர்ந்தும் இருக்கும்; அதை ஈரல் கெட்டதாக எடுத்துக்கொண்டு விலக்கிவிடாமல், காரணத்தை முன்பே சொல்லிவிட வேண்டும்.

தகுதி பார்க்கும் காலம் பெரும்பாலும் 28 நாள். அதற்குள் எடுத்த ஸ்கேன்தான் செல்லும். ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் குறைவான நாள். ஆகவே போன் பேசாமலே முன்கூட்டி பெட் ஸ்கேன் எடுத்து வைப்பது பணத்துக்குப் பிடித்த கேடு. அவர்கள் சொன்ன பிறகு எடுத்தால் ஆய்வுக் கணக்கிலேயே எடுப்பார்கள்.

ஒப்புதல் படிவம் இருபது முப்பது பக்கம் வரும். தமிழில் கேளுங்கள், நோயாளிக்குப் புரியும் மொழியில் தருவது 2019-ஆம் ஆண்டுப் புது மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி கட்டாயம். அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து படித்து, இங்குள்ள மருத்துவரிடமும் காட்டிவிட்டுப் போடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருந்து பார்க்க வேண்டும். எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருப்பவரை முற்றிலும் புதிய மருந்தின் ஆய்வில் சேர்த்தால், ஒப்புதல் பெறுவதை ஒலி, ஒளியோடு பதிவு செய்தாக வேண்டும். பணியருக்கும் தோடருக்கும் காட்டுநாயக்கருக்கும் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்து விளக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் சரி என்று சொல்லிவிட்டார் என்பது போதாது. நோயாளி தானே சம்மதிக்க வேண்டும் என்று ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்கிறது. கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். அதில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். சந்தேகமோ மனக்குறையோ இருந்தால் மருத்துவரைத் தாண்டி அங்கே நேராகப் பேசலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது.

பணம். ஆய்வு மருந்தையும் ஆய்வுக்காகவே எடுக்கும் பரிசோதனைகளையும் நடத்துகிறவரே ஏற்பார். ‘சேர்வதற்கு இவ்வளவு கட்டுங்கள்’ என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு எண் கேட்டால் மழுப்புகிற ஸ்டெம் செல் வியாபாரங்களும் ‘ட்ரையல்’ என்ற சொல்லையே பயன்படுத்துகின்றன. ஆனால் மருத்துவமனைகள் தாங்களே நடத்தும் கல்வி ஆய்வுகளில், வழக்கமான சிகிச்சையின் செலவு உங்களுடையதாகவோ முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ போகலாம். எது யார் கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். பஸ் செலவு, தங்கும் செலவு தருவார்களா, கூட வருபவருக்கும் உண்டா, பில் வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு 75 விழுக்காடு. மருத்துவமனை தரும் படிவம் வேண்டும். சென்னைக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் போதும்.

பயணக் கணக்கைச் சேரும் முன்பே போட்டுப் பாருங்கள். வழக்கமாக 21 நாளுக்கு ஒரு முறை போக வேண்டும். முதல் சுற்றில் 1, 8, 15 என்று வாராவாரம் போக வேண்டியிருக்கும். மருந்து ரத்தத்தில் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளக்கும் நாளில் காலையிலிருந்து மாலை வரை ரத்தம் எடுப்பார்கள். அன்று மலையேறித் திரும்ப முடியாது, தங்கத்தான் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ குன்னூர் மலைப்பாதை அடைபட்டால் கோத்தகிரி வழி; அதுவும் அடைபட்டால் இரண்டு மூன்று நாள் முன்பின் போக ஆய்வில் இடமிருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வராமல் இருந்துவிட்டுப் பிறகு சொல்வதைவிட, வானிலை எச்சரிக்கை வந்ததும் போன் போட்டால் முன்கூட்டியே வரச் சொல்வார்கள். கூடலூரிலிருந்து மைசூர், பெங்களூரு போகிறவர்களுக்குப் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு. காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டுமென்றால் முந்தைய நாளே கிளம்பியாக வேண்டும்.

மாத்திரை ஆய்வு என்றால் காலி டப்பாவையும் மிச்ச மாத்திரையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு வேளை மறந்தால் மறந்தேன் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். பல மாத்திரைகளோடு கிரேப்ஃப்ரூட் ஆகாது; அதன் உறவான பம்பளிமாஸையும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பக்கவிளைவில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். இம்யூனோதெரபியும் சில மாத்திரைகளும் நுரையீரலிலேயே அழற்சியை உண்டாக்கும். புதிதாக வறட்டு இருமல், படி ஏறினால் முன்பில்லாத இளைப்பு. நம் ஊரில் இதைப் பனிக்கு வந்த இருமல் என்று விட்டுவிடுவது மிக எளிது. மருந்தை நிறுத்தி உரிய நேரத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஒரு வாரம் பார்ப்போம் என்று இருந்தால் உயிருக்கே ஆபத்து. கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அன்று இரவே மருத்துவமனை. ஆய்வில் தரும் சிறிய அட்டையை ஆதார் அட்டையோடு வைத்திருங்கள்; அதில் மருந்தின் பெயரும் இருபத்துநான்கு மணி நேரத் தொலைபேசியும் இருக்கும். இரவு இரண்டு மணிக்குக் குன்னூரில் சேர்த்தாலும் அங்குள்ள பணி மருத்துவர் அந்த எண்ணில் பேசட்டும். நீங்கள் அட்மிட் ஆன 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் அதை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்தாக வேண்டும்.

ஆய்வினால் பாதிப்பு வந்தால் மருத்துவச் செலவு நடத்துகிறவருடையது. உயிரிழப்பு ஆய்வோடு தொடர்புடையது என்று முடிவானால் இழப்பீட்டுக்குச் சூத்திரமே விதியில் இருக்கிறது: 8 லட்சத்தை வயதுக்கான காரணியாலும் நோய் நிலைக்கான காரணியாலும் பெருக்கி 99.37-ஆல் வகுப்பது. 65 வயதைத் தாண்டியவருக்கு வயதுக் காரணியும் 99.37 என்பதால், நோய்க் காரணி 1 ஆனால் 8 லட்சம் வரும். புற்றுநோய் தன் போக்கில் முற்றி இறந்தால் இது பொருந்தாது. இதைக் குடும்பத்தார் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. மருந்து நன்றாக வேலை செய்து ஆய்வு முடிந்துவிட்டால், வேறு மாற்றுச் சிகிச்சை இல்லாதபோது, மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்பினால் இலவசமாகத் தொடர விதியில் வழி இருக்கிறது. அந்தப் பத்தி உங்கள் ஒப்புதல் படிவத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் ஆள் சேர்க்கும் நுரையீரல் புற்றுநோய் ஆய்வுகளை மாதம் ஒரு முறை, ஒரு கால் பக்கத்தில் தமிழில் வெளியிட முடியுமா? பதிவு எண், எந்த மரபணு மாற்றத்துக்கு, எந்த ஊர், முன் சிகிச்சை எடுத்தவருக்கா எடுக்காதவருக்கா, கடைசியாகத் திருத்திய தேதி ஆகிய ஐந்தும் போதும். பெயர்ப்பலகைபோல அதை வெட்டி மருந்துக்கடையிலும் எஸ்டேட் டிஸ்பென்சரியிலும் ஒட்டிக்கொள்வார்கள். மொழிபெயர்க்கவும், ஒவ்வொரு மாதமும் போன் போட்டு நிலவரத்தைச் சரிபார்க்கவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகப் பணியாளர் சிலர்,
குன்னூர் – கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.